வாறுகாலும் காலநிலையும்

உள்ளாட்சித் தேர்தலுக்கும் காலநிலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்பது தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. வார்டு கவுன்சிலர் குழாயில் தண்ணீர் வரவைக்க வேண்டும், வாறுகாலைத் தூர்வார வைக்க வேண்டும், தெருவிளக்கை எரியவைக்க வேண்டும், பள்ளம் விழுந்த சாலைக்கு ஒட்டுப்போட வைக்க வேண்டும். கார்பன், கடல்மட்டம், பனிப்பாறை எல்லாம் டெல்லியும் ஐ.நா. சபையும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. 2022 பிப்ரவரி 19 அன்று ராஜபாளையம் நகராட்சியின் 42 வார்டுகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியின் 33 வார்டுகளிலும் வாக்குப்பதிவு நடந்தபோதும் வழக்கமான பிரச்சாரத்தின் எல்லை இதுவாகவே இருந்தது.

இந்தக் கருத்து தவறானது. வேட்பாளர்களிடம் காலநிலைக் கொள்கை இல்லை என்று குறைபட்டுக்கொள்வதும் அதே அளவுக்குத் தவறு. குடிநீர், வாறுகால், விளக்கு, சாலை என்ற நான்கு வாக்குறுதிகளுமே காலநிலைக் கொள்கைகள்தாம். அந்தப் பெயர் தேர்தல் நோட்டீஸில் இல்லாததால், அவற்றில் எது நல்லது, எது ஊரைக் கெடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பெயரில்லாத கொள்கை கேள்வி இல்லாமலே நிறைவேறிவிடுகிறது.

இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரை–கொல்லம் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேர். வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த இந்தப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் வடகிழக்குப் பருவமழையின் பங்கே பெரிது. மலையில் பெய்வது காட்டாறாக இறங்கிக் கண்மாயில் சேரும். ஒரு கண்மாய் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ராஜபாளையத்தின் பழைய குடிநீர் ஆதாரம் அய்யனார் கோயில் ஆறும் அதன் நீரைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கம். பற்றாத குறைக்குத் தாமிரபரணியிலிருந்து நீண்ட குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரப்படுகிறது. அந்தத் தாமிரபரணி பிறப்பதும் இதே மலைத்தொடரில்தான். மலை ஏமாற்றினால் இரண்டு குழாயும் ஒருசேர ஏமாற்றும்.

எனவே இங்கே குடிநீர் வாக்குறுதி என்பது மழையைப் பற்றிய ஒரு கணிப்பு. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். காற்று மண்ணிலிருந்தும் கண்மாயிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சும். இறங்கும்போது மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ராஜபாளையம் ஓர் ஆண்டு முழுவதும் பார்க்கும் மழையைவிட அது அதிகம். 2015 மே மாதம், கோடையின் நடுவில், இந்தப் பகுதியின் சதுரகிரி மலையில் திடீரென ஓடை பெருகிப் பக்தர்கள் உயிரிழந்தனர். ஒவ்வொரு பெருமழைக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று அடித்துச் சொல்வது அறிவியல் ஆகாது. ஆனால் மழை நாட்கள் குறைந்து மழையின் வேகம் கூடும் ஊரில், பழைய சராசரியை நம்பிக் கட்டும் குடிநீர்த் திட்டம் கோடையில் பல்லிளிக்கும் என்று சொல்ல அறிவியல் பட்டம் தேவையில்லை.

அப்படிப்பட்ட மழையைப் பிடித்து வைக்க இந்தப் பகுதியில் இருக்கும் ஒரே பெரிய ஏற்பாடு கண்மாய்ச் சங்கிலி. வரத்துக்கால்வாய் அடைபட்டால் இரண்டு நாள் பெருமழை வைப்பாற்றில் இறங்கி மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடும். கண்மாய்க்குள் வண்டல் சேர்ந்து சீமைக்கருவேலம் மண்டினால் கொள்ளளவு குறையும். மடையும் மறுகாலும் ஒழுங்காக இல்லையென்றால் நீர் வந்தும் பயன் இல்லை. இதில் நகராட்சி உறுப்பினருக்கு என்ன வேலை என்று கேட்கப்படுகிறது. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பது உண்மை. ஆனால் நகரத்தின் வாறுகால் எங்கே போய் முடிகிறது? ஊர்க் கண்மாயில். ‘எங்கள் தெருவுக்கு வாறுகால் கட்டித் தருவேன்’ என்று ஒரு வேட்பாளர் சொல்லும்போது, அந்தச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் கண்மாயில் விடுவேன் என்றும் சேர்த்தே சொல்கிறார். கேட்பவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறார். கண்மாயில் சாக்கடை சேர்ந்தால் அடுத்த வறட்சிக்கு அந்த நீரும் சுற்றியுள்ள கிணறுகளும் கணக்கில் வராது. பாதாள சாக்கடைத் திட்டம் இந்தக் கேள்விக்கான விடையாகச் சொல்லப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறதா, சுத்திகரித்த நீர் எங்கே விடப்படுகிறது என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்பவர் இருந்தால் மட்டுமே அது விடை.

சாலை வாக்குறுதியும் இப்படித்தான். சந்துகள் வரை சிமெண்டும் பேவர் பிளாக்கும் போடுவது இன்று வார்டு வளர்ச்சியின் அடையாளம். வீட்டுச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஓர் அங்குல மண் விடாமல் மூடினால் மழைநீர் கீழே இறங்காது. பகலில் ஏறிய சூட்டை அந்தத் தரை இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கும். தெரு உயர உயர வீடு பள்ளமாகி, மழை வந்தால் வாசலுக்குள் நுழையும். இத்தனையும் பாராட்டு விழாவுடன் நடக்கிறது. இதைக் காலநிலைக்கு எதிரான கொள்கை என்று எந்த வேட்பாளரும் சொல்லிக்கொள்வதில்லை. அவருக்கே அது தெரியாது என்பதும் உண்மை.

நிலவும் கருத்தின் வலுவான வாதம் உமிழ்வைப் பற்றியது. இந்தியரின் தலைக்கு ஆண்டு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு சுமார் 2 டன். உலகச் சராசரியில் அது பாதிகூட இல்லை. அதிலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பங்கு என்ன? பால்கோவா அடுப்பை அணைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா? இந்தக் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த ஊர்கள் உமிழ்வை நிறுத்துவதால் வெப்பநிலை இறங்காது. ஆனால் காலநிலைக் கொள்கைக்கு இரண்டு கை உண்டு. ஒன்று உமிழ்வைக் குறைப்பது, மற்றது வந்துவிட்ட மாற்றத்தைத் தாங்குவது. முதல் கையில் பங்கு சிறியது என்பதால் இரண்டாவதையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. குறைவாகப் புகைவிட்ட ஊரும் அதே வெயிலில்தான் நிற்கிறது. பால்கோவாவையே எடுத்துக்கொண்டால், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டம் பாலை நம்பி இருக்கிறது. பால் தீவனத்தையும் தண்ணீரையும் நம்பி இருக்கிறது. வெயில் தாங்காத கறவை மாடு பாலைக் குறைத்துவிடும். ராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் பூக்கும் காலத்து மழைக்கும் சூட்டுக்கும் அஞ்சும் பயிர். பெருமைக்கு இவற்றை மேடையில் சொல்பவர்கள், இவற்றின் ஆயுளைப் பற்றிய கேள்வி வரும்போது அதை உலகப் பிரச்சினை என்று ஒதுக்குவது வேடிக்கை.

உமிழ்வுப் பக்கத்திலும் நகராட்சி வெறுங்கையோடு நிற்கவில்லை. குப்பை முழுக்க நகராட்சியின் பொறுப்பு. மக்கும் குப்பையைப் பிரிக்காமல் கிடங்கில் குவித்தால் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கோடையில் கிடங்கு தீப்பிடித்தால் புகை முதலில் போவது பக்கத்து வார்டுக்கு, பாரிஸுக்கு அல்ல. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. ‘என் வார்டில் மக்கும் குப்பை கிடங்குக்குப் போகாது, நுண்ணுர மையத்துக்குப் போகும்’ என்று ஒரு வேட்பாளர் எழுதிக் கொடுத்தால், அது பிரதமர் உலக மாநாட்டில் அளிக்கும் உறுதியைவிடச் சோதிக்க எளிதானது. ஒரு வாரம் குப்பை வண்டியின் பின்னால் போனால் போதும்.

மின்கட்டணமும் அப்படியே. உள்ளாட்சியின் மின்செலவு பெரும்பாலும் தண்ணீர் இறைப்பதிலும் தெருவிளக்கிலும் போகிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி இதே செலவைக் குறைக்க முனைந்து, 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன். தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. உலகைக் காப்பாற்றுவதாக அந்த ஊராட்சி கிளம்பவில்லை, கரண்ட் பில்லைக் கட்டக் கிளம்பியது. ஒரு சிற்றூரின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இதைச் செய்ய முடிந்தபோது, 1936-லேயே நூற்பாலை தொடங்கப்பட்டு, ஆலை முதலாளிகள் காற்றாலை வைத்து மின்செலவைச் சமாளிக்கும் ராஜபாளையத்தில் நகராட்சி வேட்பாளருக்கு அது எட்டாத கனவாகத் தெரிவதற்குக் காரணம் பணமல்ல.

அதிகாரம் இல்லை என்பது அடுத்த வாதம். 1992-ல் நிறைவேறி 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களை நகராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல், நீர் வழங்கல், பொதுச் சுகாதாரமும் திடக்கழிவும், நகர்ப்புற வனமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பவற்றையெல்லாம் மாநில அரசு மனமுவந்து கொடுத்துவிடவில்லை. குடிநீர் வடிகால் வாரியம், மின்வாரியம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று முக்கியமான சாவிகள் வேறு கைகளில் இருக்கின்றன. இந்தக் குறை உண்மையானது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இருக்கும் சாவிகளே துருப்பிடித்துக் கிடக்கும்போது இல்லாதவற்றைக் காட்டித் தப்பிப்பது நியாயமாகாது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பார்த்து உறுதிசெய்ய வேண்டியது உள்ளாட்சி. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது பூங்காவாகிறதா, புதர்க்காடாகிறதா, யாருடைய வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளாவது போகிறதா என்பது மன்றத்தின் கண்ணில்தான் இருக்கிறது.

அதிகாரம் என்பது கேட்டு வாங்குவதிலும் பயன்படுத்திப் பார்ப்பதிலும் வளர்வது. கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சி 2003-ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் காரணம். அடுத்த ஆண்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அகமதாபாத் மாநகராட்சி 2010 வெப்ப அலையில் பலரை இழந்தபின், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அது முதல். எச்சரிக்கை அறிவிப்பு, தண்ணீர்ப் பந்தல், நிழல், மருத்துவமனைத் தயார்நிலை என்று அதில் இருப்பவை எல்லாம் உள்ளூர் வேலைகள். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன் பிறகும், தூய்மைப் பணியாளர் எந்த நேரத்தில் வேலைக்கு இறங்க வேண்டும், சந்தையில் நிழலும் தண்ணீரும் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சென்னைக் கோட்டையிலிருந்து யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

பணம் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குப் பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டை நிபந்தனையோடு கொடுத்தது. பாதி சுகாதாரத்துக்கும் திடக்கழிவுக்கும், பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. இந்த இரண்டு நகராட்சிகளும் அந்த வகையில் வருபவை. பணத்தின் பெயரிலேயே மழைநீர் இருக்கிறது. செலவழிக்கும் மன்றத்துக்குப் போட்டியிடுபவரிடம் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்க வருபவர் எந்தக் கணக்கிலிருந்து எதைச் செய்வார் என்று சொல்லாமலே வெல்ல முடிவது, பணப் பற்றாக்குறையைவிடப் பெரிய பற்றாக்குறை.

மக்கள் இதைக் கேட்பதில்லை, குழாயில் தண்ணீர் வந்தால் போதும் என்கிறார்கள் என்பது வேட்பாளர்களின் கடைசிக் கேடயம். மக்கள் காலநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பது சரி. ‘முன்னே மாதிரி மழை இல்லை’, ‘போர்ல தண்ணி கீழே போயிடுச்சு’, ‘ராத்திரியும் புழுக்கம் அடங்கலை’ என்று டீக்கடையில் பேசுபவர் வேறு எதைப் பேசுகிறார்? நோயின் பெயர் தெரியாதவர் வலியைச் சொல்கிறார். பெயரைச் சொல்வது வைத்தியரின் வேலை. ஏழைகளின் அன்றாடத் தேவைக்குப் பிறகுதான் சுற்றுச்சூழல் என்ற வரிசையும் இந்த ஊர்களில் பொருந்தாது. தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்க முடியாதவர், தகரக் கூரைக்குக் கீழே படுப்பவர், கண்மாய்க் கரையோரம் குடியிருப்பவர், வெயிலில் வாறுகால் அள்ளுபவர் ஆகியோரே முதலில் அடிபடுகிறார்கள். மாடியில் ஏசி வைத்திருப்பவருக்கு வேண்டுமானால் இது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற விஷயமாக இருக்கலாம்.

காலநிலை என்று பேசும் சில வேட்பாளர்களையும் இங்கே விட்டுவைக்க முடியாது. அவர்களுடைய கொள்கை மரக்கன்றோடு தொடங்கி மரக்கன்றோடு முடிகிறது. ஒரு லட்சம் கன்று நடுவோம் என்பார்கள். எங்கே, யார் தண்ணீர் ஊற்றுவது, இரண்டாம் கோடையில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது நோட்டீஸில் இருக்காது. மரம் நடுவது நல்லதே. ஆனால் இந்த ஊர்களுக்கு மேலே 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021 பிப்ரவரியிலிருந்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் இருக்கின்றன. வைகைக்கும் வைப்பாற்றின் ஓடைகளுக்கும் நீர் தருவது அந்தக் காடு. காட்டைப் பாதுகாத்தும் அதிலிருந்து இறங்கும் ஓடை ஊர் எல்லையில் அடைபட்டுக் கிடந்தால், நகர வீதியில் நட்ட ஆயிரம் புங்கன் கன்று அதை ஈடுசெய்யாது. நீர்நிலையை மூடிவிட்டு அதன் மேல் நல்ல காரியம் கட்டுவது தமிழ்நாட்டில் புதிதும் அல்ல. நுங்கம்பாக்கம் ஏரி மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரை உலகநேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. ஊருக்குப் புதுக் கட்டடம் கொண்டுவருவதாகச் சொல்லும் எந்த வேட்பாளரிடமும் முதலில் கேட்க வேண்டியது சர்வே எண்ணை.

இதையெல்லாம் தேர்தல் அரசியலில் இழுக்காமல் அதிகாரிகளிடமும் நிபுணர்களிடமும் விட்டுவிடலாம் என்ற கருத்தும் படித்தவர்களிடையே உண்டு. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் அதற்கு அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆட்சியர் சில ஆண்டுகளில் மாறிவிடுவார். வரத்துக்கால்வாயில் யார் வேலி போட்டது என்பது வார்டில் குடியிருப்பவருக்குத் தெரியும். அதிகாரிகள் மட்டும் நடத்தும் உள்ளாட்சியைத் தமிழ்நாடு பார்க்காமலும் இல்லை. 2016 அக்டோபரில் நகராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின் 2022 வரை ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரத்துக்கு நீர் வரும் ஓடைகளும் கண்மாய்களும் பெரும்பாலும் அந்த ஊராட்சிகளின் எல்லையில் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத இடத்தில் மக்கள் போய்க் கேட்பதற்கு ஒரு வீட்டு வாசல்கூட இல்லை.

ராஜபாளையத்துக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட நெருக்கமானது. 2041-க்குள் ராஜபாளையத்தைக் கார்பன் சமநிலை நகரமாக்கும் திட்டம் மாநில அரசின் கணக்கில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவிக்கப்பட்ட இலக்கு 2070. அதற்கும் 29 ஆண்டு முந்தியது இந்த நகரத்தின் இலக்கு. 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஒழுங்காகத் தேர்தல் நடந்தால் அதன்பின் 2041 வரை மூன்று மன்றங்கள் வரும். குப்பை வண்டியின் தடம், தெருவிளக்கின் மின்கட்டணம், கட்டட அனுமதி, வாறுகாலின் முடிவிடம் ஆகிய நான்கையும் ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானிக்கப்போவது அந்த மூன்று மன்றங்களிலும் இருக்கப்போகும் தலா 42 உறுப்பினர்கள்.